தொட்டிக்குள் கிடந்த டிரம்பெட்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பியே இதைத் தொடங்குகிறேன். இங்கே தங்கள் தங்கை நலம். மகளும் மாப்பிள்ளையும் நலம். என் மூட்டுவலியும் குறைவில்லாமல் நலமாக இருக்கிறது. நான் மட்டும் ஒரு கொலை வழக்கில் சந்தேகிக்கப்படுகிறேன். பதற வேண்டாம். பதறாமல் கடைசி வரை படித்தால் நான் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன் என்பது புரியும்.

எல்லாம் தண்ணீர்த் தொட்டியில்தான் ஆரம்பித்தது. மொட்டை மாடித் தொட்டியைக் கழுவ வேண்டும் என்று தங்கள் தங்கை சொல்லிக்கொண்டே இருப்பாள், நானும் இந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிக்கொண்டே இருப்பேன், இப்படியே எங்கள் இல்லறம் வருடக்கணக்கில் இனிதே நடந்து வந்தது. சமீபத்தில் குழாயில் தண்ணீர் நூலாக வர ஆரம்பித்ததும் நான் வழக்கம்போல் குடிநீர் அலுவலகத்துக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுதினேன். அவளோ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தொட்டி கழுவும் ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். அவன் உள்ளே இறங்கிய கொஞ்ச நேரத்தில், "அய்யா, இது உங்களுதா?" என்ற குரலோடு ஒரு கை மட்டும் வெளியே வந்தது. கையில் பச்சைப் பாசி பிடித்த ஒரு டிரம்பெட். அதன் வாய் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. "அய்யோ, நம்ம பேண்டுக்காரரோடது" என்று தங்கள் தங்கை நெஞ்சில் கையை வைத்தாள். அடுத்த மூச்சிலேயே, "இத்தனை வருஷமா தொட்டிய கழுவலன்னு இப்ப ஊருக்கே தெரிஞ்சிடுமே" என்றாள். அவளுக்கு அந்தக் கவலை.

பேண்டுக்காரரைத் தங்களுக்கு ஞாபகம் இருக்கும். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நம் மாடி அறையில் குடியிருந்தாரே, கடை திறப்பு விழாக்களில் டிரம்பெட் ஊதுபவர், உறவென்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாத ஒண்டிக்கட்டை, அவர்தான். என் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க நாங்கள் எல்லோரும் தங்கள் ஊருக்கு வந்திருந்தோம் அல்லவா, திரும்பி வந்து பார்த்தால் வாசலில் ஒரே கூட்டம். மாடிப்படிக்குக் கீழே அவர் இறந்து கிடந்தார், பின்மண்டையில் அடி. தானாக விழுந்தாரா, யாராவது தள்ளினார்களா, தெரியவில்லை. மழை பெய்யவே இல்லை, ஆனால் அவர் சட்டை தோள் வரை நனைந்திருந்தது. தூங்கும்போதுகூடப் பக்கத்தில் வைத்திருக்கும் டிரம்பெட்டைக் காணோம். இந்த இரண்டுக்கும் விடை கிடைக்காததால் விபத்து என்றும் எழுத முடியாமல் கொலை என்றும் எழுத முடியாமல் வழக்கை அப்படியே மூட்டை கட்டிவிட்டார்கள். அன்றைக்கு வந்த போலீஸ்காரர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வீட்டு ஓனர் எங்க?" என்பதுதான். நான்தான் ஓனர் என்று சொல்வதற்குள் அவர் எதிர்வீட்டுக்காரரிடம் விசாரிக்கப் போய்விட்டார்.

இப்போது பழைய வழக்குகளைத் தூசி தட்ட என்றே தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறார்களாம். டிரம்பெட் கிடைத்த செய்தி போனதும் அங்கிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அதிகாரியம்மா. அதிகம் பேசமாட்டார், ஆனால் நாம் பேசி முடித்த பிறகும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்கு நாம் மேற்கொண்டு ஏதாவது உளறிவிடுவோம். இன்னொருவர் கையில் எப்போதும் ஓர் அளவு டேப். வந்ததிலிருந்து படியை அளந்தார், தொட்டியை அளந்தார், வேறு எதுவும் இல்லாதபோது என்னையும் அளந்தார். நாங்கள் அவரை டேப்காரர் என்றே வைத்துக்கொண்டோம்.

அதிகாரியம்மா என்னைக் கூடத்தில் உட்கார வைத்து, "அவருக்கும் உங்களுக்கும் ஆகாதாமே?" என்றார். உள்ளதைச் சொன்னேன். அவர் விடிந்தும் விடியாமலும் ஊத ஆரம்பித்துவிடுவார், எனக்குத் தலை விண்விண் என்று தெறிக்கும். "அவர காலி பண்ணணும்னு நெனச்சீங்களா?" என்று கேட்டார். "நெனைக்கறது என்னம்மா, நேர்லயே போய் சொல்லிட்டேன். ஒரு மாசம் டைம்கூட கொடுத்தேன்" என்றேன். டேப்காரர் நிமிர்ந்து, "டைம் கொடுத்தீங்களா?" என்றார். "பின்ன? முன்கூட்டியே சொல்றதுதானே சார் மரியாதை? எதிர்வீட்டுக்காரர் சொல்லாம கொள்ளாம ஒரே நாள்ல ரெண்டு பேர காலி பண்ணார், அது நல்லாவா இருக்கு?" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வீட்டைக் காலி செய்வதைச் சொல்கிறேன், அவர்கள் ஆளைக் காலி செய்வதைக் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தபோது டேப்காரர் எதிர்வீட்டு வாசலை அளக்கப் போய்விட்டார்.

உண்மையில் அந்தப் பேண்டுக்காரர் காலி செய்யவே இல்லை, அது தங்களுக்கே தெரியும். நான் மாடிக்குப் போய், "இனிமே ஒரு சத்தம் என் காதுல விழுந்தா பெட்டியோட கீழ இறங்கிடணும்" என்று அதட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "சத்தம் வராம பாத்துக்கறேன் சார்" என்றார். மறுநாளிலிருந்து மூச்! என் வாழ்நாளில் என் அதட்டலுக்கு ஓர் ஆள் அடங்கினார் என்றால் அவர்தான், அதனால் காலக்கெடுவை நானே பெரிய மனதோடு ரத்து செய்தேன். ஆனால் அந்த நிம்மதியை அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை, அதே சமயம் பார்த்து வீட்டுக் குழாயெல்லாம் முனக ஆரம்பித்துவிட்டது. தாங்கள்கூட ஒரு முறை குளித்துக்கொண்டிருந்தபோது ஷவர் முனகியதைக் கேட்டு நுரையும் துண்டுமாகக் கூடத்துக்கு ஓடி வந்தீர்களே! பிளம்பர் காற்றடைப்பு என்று சொல்லி எல்லாக் குழாயையும் கழற்றி மாட்டினார், அப்போதும் முனகியது, பிறகு ஒரு நாள் தானாகவே நின்றுபோனது. அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

அவர்கள் ஜீப் நம் வாசலில் நின்றதிலிருந்து என் வாழ்க்கையே வேறு, மச்சான். எதிர்வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளை நம் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்துவாரே, இப்போது நிறுத்துவதில்லை. எந்தக் காலத்திலோ வாங்கிப்போன ஏணியைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏதாவது வேணும்னா சொல்லுங்கண்ணே" என்றார். அண்ணனாம்! சலூனில் என்னைப் பார்த்ததும் பாதி முகத்துக்குச் சோப்புப் போட்டிருந்த ஆள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். முடிதிருத்துபவர் கத்தியை எடுத்தபோது அவர் கைதான் நடுங்கியது, "பயப்படாதீங்க தம்பி" என்று நான் தைரியம் சொன்னேன். நம் மாப்பிள்ளை இருக்கிறாரே, டீப்பாயின் மேல் கால் நீட்டாமல் இந்த வீட்டில் உட்கார்ந்ததே கிடையாது, போன வாரம் நான் கூடத்துக்குள் வந்ததும் எழுந்து நின்று "வாங்க மாமா" என்றார். என் வீட்டுக்கு என்னையே வரவேற்கிறார், ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிஸ்கட் கம்பெனி ஸ்டோரில் ஆயுள் முழுக்க உழைத்தேன். நான் ஓய்வு பெற்ற அன்று மேனேஜர் என் பக்கத்தில் நின்றவரின் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். அப்படிப்பட்ட என்னை இப்போது தெருவே நிமிர்ந்து பார்க்கிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

மதிக்காத ஒரே ஜீவன் தங்கள் தங்கைதான். அதிகாரியம்மாவுக்குக் காபி கொடுத்துக்கொண்டே, "இவரா? நல்ல ஆளப் பாத்தீங்க. கரப்பான்பூச்சியக் கண்டா நாற்காலி மேல ஏறி நின்னுட்டு என்னக் கூப்பிடற மனுஷன். அன்னிக்கு நாங்க எங்க அண்ணன் வீட்ல இருந்தோம், பல்லு புடுங்க" என்று சொல்லி என் மானத்தை வாங்கிவிட்டாள். "அப்படியா சார்?" என்று அதிகாரியம்மா என்னைப் பார்த்தார். அப்போது ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரர் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மோவாயைத் தடவியபடி, "எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்ல" என்றேன். தங்கள் தங்கை என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது.

ஆகவே அவர்கள் விசாரிக்கத் தங்களிடம் வரக்கூடும். தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன், ஞாபகமில்லை என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல் டாக்டர் ஊசியைக் கையில் எடுத்ததுமே நான் மயங்கி விழுந்தது, தாங்களும் தங்கள் தங்கையும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பிடித்துத் தூக்கி வந்தது, மறுநாள் வரை நான் தங்கள் வீட்டில் அழுதது, எதுவும் அந்த அம்மாள் காதில் விழ வேண்டாம். எப்படியும் என்னைச் சிறையில் போட அவர்களிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. சந்தேகம் மட்டும் இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும். மாப்பிள்ளை எழுந்து நிற்பது பழக்கமாகிற வரைக்குமாவது இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு என் வணக்கங்கள், சின்னவர்களுக்கு ஆசிகள். எல்லோரும் பல்லும் சொல்லும் உறுதியாக நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன், தற்போது சந்தேகத்துக்குரியவன்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதில் ஒரு வரியையும் நம்ப வேண்டாம், எதையும் மறைக்கவும் வேண்டாம். உறையை ஒட்டி மேஜை மேல் வைத்திருந்தேன், மறுபடி கிழித்து எழுதுகிறேன். எனக்கு ஞாபகமில்லை என்றால் அவளும் பொய் சொல்கிறாள் என்று ஆகிவிடும், இந்தச் சின்ன விஷயம் என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. உறையை ஒட்டிய மறுநாள் ஜீப் வந்தது. மாடி அறையைப் பார்த்துவிட்டு இறங்கிய அதிகாரியம்மா, "அப்ப அவர யார்தான் காலி பண்ணது?" என்றார். துணி மடித்துக்கொண்டிருந்த தங்கள் தங்கை தலையைத் தூக்காமல், "நான்தான். இவர நம்பினா ஆகுமா? ஒரே மத்தியானத்துல, அப்படி ஒரு ஆள் இருந்த அடையாளமே தெரியாம தொடச்சு எடுத்துட்டேன். ரெண்டு நாள் இடுப்பு நிமிர முடியல" என்றாள். இறந்தவருடைய அறையைச் சுத்தம் செய்ததைச் சொல்கிறாள்! அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை மச்சான். தெருவில் ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை, எதிர்வீட்டுக்காரர் என்னைத் தாண்டிப் போய், "அக்கா எப்ப வருவாங்க?" என்று மாப்பிள்ளையிடம் பயபக்தியோடு விசாரித்தார். எனக்கு எந்த மரியாதையும் வேண்டியிருக்கவில்லை, அவள் வந்தால் போதும் என்றிருந்தது. ஸ்டேஷனுக்கு ஓடி, "அவள விட்டுடுங்க, நான்தான் பண்ணேன், நான்தான் கொன்னேன்" என்று கத்தினேன். அதிகாரியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க பெரியவரே, வெயில்ல வந்திருக்கீங்க" என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். சந்தேகப்படக்கூட இல்லை. உள்ளே தங்கள் தங்கை டேப்காரரிடம் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "பாவம், நல்ல மனுஷன் சார். அவர் போனதுலேர்ந்து எங்க வீட்டுக் குழாய்கூட பாடறதில்ல" என்றாள். அதிகாரியம்மா சட்டென்று திரும்பி, "குழாய் பாடுச்சா? எப்போலேர்ந்து?" என்றார். "இவர் போய் அதட்டின மறுநாள்லேர்ந்து" என்றாள் இவள்.

எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். டேப்காரர் மாடியில் தொட்டி மூடியைத் திறந்து, முழங்காலிட்டு, தலையையும் டிரம்பெட்டையும் உள்ளே விட்டு ஊதினார். அவருக்கு ஊதவே தெரியாது. இருந்தாலும் கீழே சமையலறைக் குழாய் முனகியது மச்சான், அதே பழைய முனகல். தங்கள் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டேப்காரர் கையை விட்டுத் தொட்டியின் ஆழத்தையும் அளந்துவிட்டு, தோள் வரை நனைந்த சட்டையோடு இறங்கி வந்து நின்றார், அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குப் பேண்டுக்காரருக்குக் கை நழுவி டிரம்பெட் உள்ளே விழுந்திருக்கிறது, எட்டி எட்டிப் பார்த்திருக்கிறார், கிடைக்காமல் எங்களைக் கூப்பிட ஈரக் காலோடு படியில் ஓடி வந்து வழுக்கியிருக்கிறார். நாங்கள் ஊரில் இல்லை என்பதை அந்த அவசரத்தில் மறந்துபோனார் போல.

அவர் எனக்குப் பயந்து அடங்கவில்லை மச்சான். கீழே பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருக்கிறது, தலைவலிக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று, தினமும் மண்டியிட்டுத் தண்ணீருக்கு ஊதிக் காட்டியிருக்கிறார். அதை நினைத்து நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

வழக்கு விபத்து என்று முடிந்தது. ஏணி திரும்ப எதிர்வீட்டுக்குப் போய்விட்டது, மாப்பிள்ளையின் கால் டீப்பாய்க்கு வந்துவிட்டது. கரப்பான்பூச்சியை இன்னும் அவள்தான் அடிக்கிறாள், ஆனால் "எனக்காகக் கொலைப்பழியையே ஏத்துக்கிட்டவர்" என்று என்னைப் பற்றிக் கீரைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அதிகாரியம்மா கடைசியாகக் கையெழுத்து வாங்கத் தங்களிடம் வருவார். எல்லாவற்றையும் சொல்லுங்கள். மயங்கியது மட்டும் ஊசி போட்ட பிறகு என்று சொல்லுங்கள், அவ்வளவுதான்.

தொட்டியை நேற்று நானே இறங்கிக் கழுவினேன். தங்கள் தங்கை இப்போது குழாயைத் திறந்ததும் உடனே குடத்தை வைப்பதில்லை, கொஞ்ச நேரம் காது கொடுத்து நிற்கிறாள். இன்று காலை நானும் பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.