பந்தலை நடக்க வைத்த அமீபா அண்ணன்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் அமீபா அண்ணனைப் போல் மெதுவாக அவசரப்பட்ட மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. இனிப் பிறந்தாலும் வந்து சேர நேரமாகும்.

கூலிம் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் கூடத்தில் உதவியாளர் அவர். ஹைடெக் தொழிற்பூங்காவில் ஷிஃப்ட் வேலை பார்த்த நாங்கள் மூன்று பேர் அவரோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். டிவி இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய பழைய மைக்ராஸ்கோப் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் எங்களில் ஒருவன் விரலில் ஊசி ஏறும்.

“ஒரு சொட்டுதான்லா தம்பி. உனக்குத்தான் நிறைய இருக்கே.”

கண்ணாடித் துண்டில் என் ரத்தம். அதில் என் வெள்ளையணு ஒன்று, காலும் கண்ணும் இல்லாமல், அமீபா மாதிரி எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். வாசலில் கார் ஹாரன் அடிக்கும், அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும். அந்த அணு ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும்.

எப்படி நகர்கிறது என்பது மைக்ராஸ்கோப்பில் தெரியாது. அதை அவர் புத்தகத்தில் படித்திருந்தார். பரோட்டா போடும் ரொட்டி சானாய் கடையில் பல்குத்தும் குச்சிகளைப் பரப்பி எங்களுக்குச் சொல்லுவார். “உள்ளே ஆக்டின்னு குட்டிக் குட்டி மணிங்க. ஒண்ணோட ஒண்ணு கோத்து இழையாகும். இழையில கிளை, கிளையில கிளை. அது வளர வளர முன்பக்கத் தோல தள்ளும். பின்னால பழைய இழை கழண்டு, அதே மணிங்க மறுபடி முன்னால ஓடும். வெளியேருந்து எதுவும் வாங்க வேணாம்லா. பின்னால இருக்கிறதை முன்னால கொண்டு போனாப் போதும்.” அவர் வருவதைப் பார்த்தாலே கடைக்காரர் குச்சி டப்பாவை எடுத்து ஒளித்துவிடுவார்.

நாற்பது வயதுக்குள் மூன்று வீட்டில் பெண் பார்த்தாயிற்று. மூன்று வீட்டிலும் இதையே சொன்னார். மூன்று வீட்டிலும் பெண்ணுக்குத் தலைவலி வந்தது. நான்காவது, பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் மல்லிகா அக்கா. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“முன்னால தள்ளுது, சரி. தரையில பிடிப்பு இல்லாட்டி வழுக்காதா?”

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். “தேதி பாருங்க” என்றார். எங்களுக்குப் பயமாகிவிட்டது.

கல்யாணம் தோட்டத்து அம்மன் கோயிலில். கருவறைக்கு மட்டுமே கூரை உள்ள சின்னக் கோயில். அதன் முன்னால் மூங்கிலும் தார்ப்பாயுமாகப் பந்தல் போட ஏற்பாடு. “கோயில் போர்டு பக்கத்துல போடுங்க” என்று பெண்ணின் மாமா போனில் சொல்லியிருந்தார். எங்கள் தோட்டங்களில் கோயில் உள்ளே இருக்கும், போர்டு மட்டும் பெரிய ரோட்டோரத்தில் நிற்கும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பந்தல் ஆட்கள் சொன்னபடியே செய்தார்கள். குருக்களும் அங்கேயே சட்டியில் ஹோமத்தை வளர்த்துவிட்டார். கோயிலோ செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு கூப்பிடு தூரத்தில். அப்போதுதான் மழை பிடித்தது.

பெண்ணின் அம்மா கறாரானவர். “தாலி அம்மன் முன்னாலதான். வேண்டுதல். பத்தரைக்குள்ள ஏறணும். இன்னொரு நாள் பார்க்கிறதா இருந்தா இன்னொரு மாப்பிள்ளையையும் பார்த்துக்கிறேன்.”

மணி பத்தாகப் பத்து நிமிஷம். வளர்த்த தீயை அணைக்கக்கூடாது என்றார் குருக்கள். தீச்சட்டியைத் தூக்கிக் குடை பிடித்துப் பார்த்தோம். குடையில் ஓட்டை விழுந்தது. பந்தலைப் பிரித்தால் தீ நனையும். மாமா யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

அண்ணன் மணவறையை விட்டு எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார்.

“பிரிக்க வேணாம். நடக்க வைப்போம். கடைசி வரிசை மூங்கிலப் பிடுங்கு, முன்னால கொண்டு போய் நடு. கடைசித் தார்ப்பாய் முன்னால போவட்டும்.”

பிடுங்கினோம், ஓடினோம், நட்டோம், தள்ளினோம். செம்மண் சேறு வழுக்கி, பந்தல் முழுவதும் இரண்டடி ரோட்டுப் பக்கம் போனது.

“அண்ணே, ரிவர்ஸ்ல போவுதுலா.”

கூரைப்புடவையோடு மல்லிகா அக்கா எழுந்து வந்து ஒரு மூங்கிலின் அடியில் காலை ஊன்றினார். “நான்தான் அன்னிக்கே கேட்டேனே, பிடிப்பு வேணாமான்னு.” அவ்வளவுதான், சொந்தக்காரப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள், மூங்கிலுக்கு ஒரு கால்.

பந்தல் ஊர்ந்தது. பின்னால் இருந்தது முன்னால், பின்னால் இருந்தது முன்னால். நடுவில் தீச்சட்டியை இரண்டு பேர் தூக்க, குருக்கள் மந்திரம் சொல்லிக்கொண்டே நடந்தார். “மாப்பிள்ளை, மந்திரத்துக்கு நடுவுல ‘லெப்ட்ல ஒடி’ன்னு கத்தாதீங்க” என்று கெஞ்சினார். ரோட்டில் ஒரு மலாய்க்கார லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி, உதவி வேண்டுமா என்று மலாயில் கேட்டார். “வேணாம் பாங், கிளம்பிட்டோம்” என்று அவரையும் மலாயில் அண்ணனாக்கி அனுப்பினார் அண்ணன், பத்து நிமிஷத்தில் இருபது அடி வந்திருந்த பெருமையில்.

கோயில் வாசலைத் தொட்டபோது பத்து முப்பத்தாறு.

நாதஸ்வரம் தானாக நின்றது. அம்மா கைக்கடிகாரத்தையே பார்த்தார். அண்ணன் தாடையில் சேறு வழிந்தது. 

“அம்மா, அவரு வராம இல்ல. வந்துக்கிட்டேதானே இருந்தாரு” என்றார் மல்லிகா அக்கா.

அம்மா குருக்களைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க, சாமி?”

குருக்கள் மூச்சு வாங்கினார். “மாங்கல்ய பூஜையெல்லாம் வழியிலயே பத்தரைக்குள்ள முடிச்சுட்டேன்மா. இனி இவரு கட்ட வேண்டியதுதான் பாக்கி.”

அம்மா கடிகாரத்தைப் புடவைத் தலைப்பால் மூடினார். “பின்ன என்ன, கட்டச் சொல்லுங்க.”

மேளம் கொட்டியது. தாலி ஏறியது. எல்லோரும் அட்சதை தூவ முன்னால் ஓடினார்கள். நான் மட்டும் கடைசி வரிசை மூங்கில் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி முன்னால் கொண்டு போக வேண்டியதில்லை, விடலாம் என்று தெரியும். கை வரவில்லை.