காற்றுப் பேய்க்கு மீசைமேல் ஆசை

மலாக்காவின் காஜா பேராங்கில் அந்த மாதம் சினிமாவுக்கே ஆள் இல்லை. கூட்டமெல்லாம் காற்றுச்சாமியின் கொட்டகையில். மெர்டேக்கா என்ற சுதந்திர முழக்கத்தில் கட்டிய தொண்டைகள் இன்னும் சரியாகவில்லை. அதற்குள், "சாமி, காப்பாத்து!" என்று கத்தத் தொடங்கிவிட்டன. கிளேபாங்கிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் உண்டு.

சாமியின் சரக்கு ஒன்றே ஒன்று. காற்றுப் பேய். கூரைத் தகரம் பறந்ததா? பேய். வாழை சாய்ந்ததா? பேய். அது எந்தப் பெண்மேல் ஆசைப்படுகிறது என்றும் சாமி கண்டுபிடிப்பார். நகையுள்ள வீட்டுப் பெண்மேல்தான் எப்போதும் ஆசைப்படும். விவரமான பேய்!

இந்த முறை அகப்பட்டவள் விஜயா. நிச்சயதார்த்தத்தன்று அவள் வாசலுக்கு வந்த நேரம் பார்த்துக் காற்று பந்தலைப் பிய்த்துப் போட்டது. மாப்பிள்ளையின் தாய் சாரதாம்பாள் சாமியிடம் ஓடினார்.

"பொண்ணை மஞ்சத் துணியால மூடி, நான் கூப்பிடுறப்ப வெளிய நிறுத்து. பேய் வந்துச்சுன்னா கல்யாணத்தை நிப்பாட்டிடு. அவ நகை மொத்தமும் என் காலடிக்கு வந்தாத்தான் அவளுக்கு விமோசனம்."

மாப்பிள்ளை ஜெயபாலன் துணிக்கடைக்காரன். வாடிக்கையாளர் வாய் என்ன சொன்னாலும் கண் எந்தப் புடவைக்குப் போகிறது என்று பார்த்தே பிழைப்பவன். சாமியின் கண்ணையும் பார்த்தான். அது பெண்கள் பக்கமே போகவில்லை, புக்கிட் காதில் என்ற குன்றுக்கு மேலே வானத்தில் நின்றது. அங்கே கறுத்தால்தான் சாமிக்கு அருளே வந்தது.

விஜயாவிடம் சொன்னான்.

"அப்படின்னா நீங்களே மூடிக்கிட்டு நில்லுங்களேன்," என்றாள் அவள்.

மறுநாள் காலையெல்லாம் பளீர் வெயில். "பேய் தூங்குது," என்றார் சாமி. மாலையில் மேகம் மலைபோல் எழுந்தது.

"கொண்டாங்க பொண்ணை!"

மஞ்சள் உருவம் தலைகுனிந்து வந்து நின்றது. சில்லென்று ஒரு மூச்சு. கூட்டம் உடம்பைக் குறுக்கிக்கொண்டது. அடுத்து ஒரே வீச்சு. தகரங்கள் தடதடத்தன, புழுதி சுழன்றது.

"பாத்தீங்களா! பொண்ணு வந்தா, பின்னாடியே அவனும் வந்துட்டான்!"

அடுத்த வீச்சு துணியை உருவிக்கொண்டு போனது. உள்ளே அரும்பு மீசையோடு ஜெயபாலன்.

"அடப்பாவி! நீயாடா?"

"ஆமாம்மா. பேய் என்மேலதான் ஆசைப்பட்டிருக்கு. என் கைக்கடிகாரத்தை வேணும்னா சாமி காலடியில வச்சிரட்டா?"

சிரிப்பு வெடித்தது. சாமி தடுமாறினார். "பொ... பொண்ணு எங்க?"

"வீட்டுக்குள்ள கோப்பி குடிக்கிறா. மழை மேகத்துல குளிர்ந்த காத்து கனத்துக் கீழ விழும் சாமி. தரையில மோதி நாலா பக்கமும் பாயும். மழைக்கு முன்னால வர்ற சில்லுக்காத்து அதுதான். அதைப் பார்த்துட்டுத்தானே பொண்ணைக் கூப்பிடுறீங்க?"

பதிலைக் காற்றே சொன்னது. பேயைக் கட்டிப்போடுகிறவரின் கொட்டகைக் கூரை கிளம்பிப் போனது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு சாமியும் அதன் பின்னால் போனார். இரண்டும் திரும்பவில்லை.

நனைந்தபடி வீடு திரும்பிய சாரதாம்பாள் மெல்லக் கேட்டார். "அப்ப அன்னைக்குப் பந்தல் ஏன்டா விழுந்துச்சு?"

"மாமா கட்டின பந்தல்மா. மூங்கிலை முழங்கை ஆழம்கூட நடலை."

கல்யாணத்தன்று குழியை ஆழமாகத் தோண்டினார்கள். அன்றும் காற்று வந்தது. பந்தல் நின்றது, தாலி ஏறியது.

வெள்ளைக்காரனையே எதிர்த்துக் கேள்வி கேட்ட மக்களே, அடுத்த சாமி வருமுன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். வானத்தைப் பார்க்கக் காணிக்கை கிடையாது!