சட்டவேலியரும் விழுந்த வேலிகளும்

வன்னிப் பெருநிலத்தில் படலையை, அதாவது வேலிக்கதவை, கையால் தொடாமலே முக்கால் ஆயுளைக் கழித்துவிட்ட மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஒழுங்கையில், எனக்கு அடுத்த வளவில் இருக்கிறார். உருத்திரபுரத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே தலையைச் சொறிவார். சட்டவேலியர் என்று கேட்டால் ஒழுங்கை நாய் கூட்டிக்கொண்டு வந்து விடும்.

சட்டவேலி என்பது பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் வரிசையாக நிறுத்திவைத்து, ஒவ்வொன்றாகப் பாய்ந்து ஓடுகிற அந்தச் சட்டங்கள்தான். அந்த ஓட்டத்தில் இவர் மாவட்டத்துக்கே முதல் ஆள். வெறும் நூறு மீற்றரிலும் அவர்தான். பஸ்ஸைத் தவறவிட்டால் பின்னால் ஓடிப் பிடிக்கமாட்டார். முந்திப் போய் அடுத்த தரிப்பில் நின்று கைகாட்டுவார் என்பார்கள். அதை நான் பார்க்கவில்லை. பார்த்ததையும் விசாரித்து உறுதிசெய்ததையும் மட்டுமே எழுதுவது என் பழக்கம். ஆனால் அந்த பஸ்ஸின் நடத்துநர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறார்.

தினமும் பார்ப்பது இது. விடிந்ததும் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள கிளுவை வேலிக்கு மேலால் முதலில் ஒரு கால் வரும். பிறகு இடுப்பில் கட்டிய சாரம் வரும். பிறகு மற்றக் கால். எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் குரல் வரும்.

"தம்பி, பேப்பர் வந்திட்டுதோ?"

"படலை திறந்துதானண்ணை கிடக்கு."

"படலையால வந்தா சுத்து."

பெண் பார்க்கப் போன அன்றும் சுற்றவில்லை. பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்வீட்டு வேலியைப் பாய்ந்தவர், முற்றத்தில் காயப்போட்டிருந்த பனங்கிழங்கு ஒடியலுக்கு நடுவில் போய் இறங்கினார். மாமனாராக வரவிருந்தவர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். குசினி வாசலில் நின்ற பெண்தான் வாய் திறந்தா.

"அங்கால படலை ஒண்டு இருக்கு, தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன்?"

"இது கிட்ட."

தகப்பன் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றார். கட்டினால் இவரைத்தான் என்று பெண் ஒற்றைக் காலில் நின்றா. அவாதான் மலரக்கா. ஏனக்கா என்று கேட்டால், "கேட்டதுக்கு நேராப் பதில் சொன்ன முதல் மாப்பிளை" என்பா.

இவ்வளவு பாய்ச்சல் இருந்தும் சட்டவேலியருக்கு ஒரு தீராக் குறை இருந்தது. மாவட்டப் பதக்கங்கள் அலுமாரிக்குள் குவிந்து கிடந்தன. மாகாணப் பதக்கம் ஒன்று இல்லை. வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

மாகாணப் போட்டியில் அவர் முதலில் ஓடியது உயர்தரம் படித்த காலத்தில், ஒரு மாசி மாதம். அவர் தை என்பார். தையில் வயல் வெட்டு முடிந்திருக்காது, வெட்டு முடியாமல் அவருடைய ஐயா அனுப்பியிருக்கமாட்டார் என்பது என் வாதம். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. மாதம் எதுவானாலும் நடந்தது இதுதான்: வெடி கேட்டதும் எல்லோருக்கும் முன்னால் போனார். நடுவில் ஒரு சட்டத்தில் கால் பட்டு அது விழுந்தது. விழுந்தால் பாதகமில்லை, ஓடிக்கொண்டே போகலாம். இவர் நின்றார். திரும்பி வந்தார். சட்டத்தை நிமிர்த்தினார். ஆடுகிறதா என்று அசைத்தும் பார்த்தார். அதன்பிறகு மிச்சத்தை ஓடி முடித்தபோது மற்றவர்கள் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா செய்தனீ?" என்று விளையாட்டு மாஸ்ரர் தலையில் கைவைத்தார்.

"விழுந்திட்டுது சேர்."

"விழுந்தா விழட்டுமன்!"

"மாடு பூந்திடும் சேர்."

"மைதானத்திலை எங்கையடா மாடு?"

"இப்ப இல்லை, சேர்..."

நான் பல நாட்டு ஓட்டக்காரரின் வரலாறுகளை வாசித்திருக்கிறேன். ஓடுகிற வழியில் வேலி கட்டிய ஒருவரை எங்கும் காணவில்லை. ஆனால் எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். வயல் வேலிகளில் கடப்பு என்று ஒரு வழி விடுவோம். குறுக்கே தடி போட்டிருக்கும். ஆள் கடக்கலாம், மாடு கடக்காது. பள்ளிக்கூடத்தில் சட்டவேலி வாங்க வசதியில்லாத காலத்தில் இவர் பழகியது முழுக்க இந்தக் கடப்புகளில்தான். தடியைத் தட்டி விழுத்தினால் நின்று திரும்பப் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். போடாமல் போனவனோடு ஊர் கதையாது. சின்ன வயதில் ஒருநாள் இவர் போடாமல் போய்விட, மாடுகள் அடுத்தவருடைய பயிரோடு ஐயாவின் மானத்தையும் சேர்த்து மேய்ந்துவிட்டன. அன்று வாங்கிய அடி காலுக்குள் போய்த் தங்கிவிட்டது. மூளை ஓடச் சொன்னாலும் கால் திரும்பும்.

அடுத்த முறை மாஸ்ரர் கோயில் வாசலில் வைத்துச் சத்தியம் வாங்கினார்: உன்னுடைய சட்டம் விழுந்தால் நீ திரும்பிப் பார்க்கக்கூடாது. சட்டவேலியர் சத்தியத்தை மீறவில்லை. அவருடைய சட்டம் ஒன்றுகூட விழவில்லை. விழுந்தது பக்கத்துப் பாதைக்காரனுடையது.

"அவன் நிமித்தாமல் போறான் சேர். பாத்துக்கொண்டு போகச் சொல்லுறியளோ?"

மாஸ்ரர் அதற்குப் பிறகு கரப்பந்தாட்டம் பழக்கப் போய்விட்டார்.

பின்வந்த வருடங்களில் போர் துரத்த வன்னி முழுவதுமே ஓடியது. அந்த ஓட்டத்தில் முதல் வந்தவர் எவருமில்லை. போன இடமெல்லாம் கொட்டில் போட்டு முடிந்ததும் சட்டவேலியர் கப்புத் தூணில் ஓர் ஆணி அடிப்பார். வரப்போகும் பதக்கத்துக்கு. தறப்பாள் கூடாரத்தில் ஆணி அடிக்க வழியில்லை. கயிற்றில் ஒரு கம்பியை வளைத்துக் கொழுவினார். திரும்பி வந்து கட்டிய கல்வீட்டிலும், அவருடைய கதிரைக்கு நேர் எதிரே அந்த ஆணி. மலரக்கா அதில் சுளகைக் கொழுவுவா. அவர் அதைக் கழற்றிக் கீழே வைப்பார்.

போன வருடம், மூத்தோருக்கான மாகாண மெய்வல்லுநர் போட்டி வவுனியாவில் என்று அறிவித்தல் வந்தது. சட்டவேலியர் அன்றே வேலி பாயத் தொடங்கினார். அதாவது வழமையைவிடக் கூடுதலாக. முழங்காலைப் பார்த்த வைத்தியர், இந்த ஒரு ஓட்டத்தோடு சரி, இனி இதை நம்பக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"பேரன் கண்ட வயசிலை உந்தப் பாய்ச்சல் தேவையோ?" என்றா மலரக்கா.

"ஆணி கறள் பிடிக்குது, மலர்."

போட்டியன்று அவாவும் புட்டு அவித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினா.

மைதானத்தில் கயிற்றுக்கு இப்பால் மலரக்காவும் நானும் இருந்தோம். சட்டவேலியருக்குப் பக்கத்துப் பாதையில் முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர். வயது அறுபதை நெருங்கும், கால் இருபதில் நிற்கும். வெடி கேட்டது. சட்டவேலியர் பறந்தார். நானா ஓரடி பின்னால்.

கடைசிக்கு முந்திய சட்டத்தில் சட்டவேலியரின் கால் பட்டது. அது விழுந்தது.

அவருடைய வேகம் தளர்ந்தது. தோள் மெல்லத் திரும்பியது. நானா பக்கத்தில் வந்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குப் பக்கத்தில் கதிரை விழும் சத்தம் கேட்டுத் திறந்தால் மலரக்காவைக் காணவில்லை. கயிற்றுக்குக் கீழால் குனிந்து, சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவா ஓடுபாதைக்குள் ஓடிக்கொண்டிருந்தா.

"இஞ்சாருங்கோ! நீங்கள் ஓடுங்கோ! நான் நிமித்திறன்!"

சட்டவேலியர் அவாவைப் பார்த்தார். வேலிக்கு ஆள் வந்துவிட்டது. அதன்பிறகு அவர் ஓடிய ஓட்டத்தில் அந்த பஸ் கதையை நான் நம்பிவிட்டேன். கடைசிச் சட்டத்தில் காற்றுக்கூடப் படாமல் கடந்து, நானாவை நெஞ்சளவில் முந்தினார்.

இங்கே நடுவர்கள் மலரக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அம்மா, ஆரைக் கேட்டு உள்ளுக்கு வந்தனீங்கள்?"

"விழுந்து கிடக்கு. நிமித்துறதுக்கும் கேக்கவேணுமோ?" என்றபடி அவா சட்டத்தை ஒருமுறை அசைத்துப் பார்த்தா.

நடுவர்கள் கூடிக் கதைத்தார்கள். விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு நானா நடுவில் வந்தார். "அந்தம்மா யாரையும் மறிக்கல்ல சேர். மனுசன் ஓடித்தான் வெண்டாரு. பதக்கத்தக் குடுங்க."

குடுத்தார்கள். ஆணியில் இப்போது பதக்கம் தொங்குகிறது. சுளகுக்கு வேறு ஆணி. அதை அடித்ததும் அவர்தான்.

வைத்தியர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வேலிக்கு மேலால் வருகிற கால் முன்னைப்போல் உயரவில்லை. இரண்டு நாள் சாரம் கிளுவையில் மாட்டிக் கிழிந்தது. இந்தப் புரட்டாதியில் வேலி வெட்டும்போது, அவர் பாய்கிற இடத்தில் மட்டும் நன்றாகத் தாழப் பதித்து வெட்டிவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு கால் வந்தது, சாரம் வந்தது, மற்றக் கால் வந்தது.

"தம்பி, எனக்குப் பாய்ச்சல் கூடியிருக்கு. கவனிச்சனீரோ?"

"ஓமண்ணை" என்று பேப்பரை நீட்டினேன்.