நானோநாதர் குடிக்காத தேநீர்

நானோநாதர் வருகிறாரென்றால் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. கதவுப்பிடியைக் கழற்றிக்கொண்டு ஒருவர், காய்வெட்டும் பலகையோடு ஒருவர். மூன்றாம் மாடி வாத்தியாரோ தன் பல்செட்டையே கையில் ஏந்தி நின்றார். வெள்ளை அங்கி போட்ட நானோநாதர் எல்லாவற்றின் மேலும் 'புஸ்' என்று அடிப்பார். "நானோ ஏறிடுச்சு. இனி எந்தக் கிருமி உக்காந்தாலும் அந்த நொடியே சாவு. ஆயுசுக்கும் கழுவ வேண்டாம்."

கண்ணுக்குத் தெரியாத கிருமிக்குக் கண்ணுக்குத் தெரியாத பூச்சு. வியாபாரத்துக்கு இதைவிட வசதி உண்டா?

அங்கே குடியிருந்த ஒரு தையல்காரியின் புருஷன் பரமபக்தன். படுக்கையில் கிடந்த தன் அப்பாவின் மூத்திரச் சட்டிவரை பூசிக்கொண்டு வந்தான். கடைசியில் உள்ளங்கைகளையும் நீட்டிவிட்டான். அன்றோடு கை கழுவுவது நின்றது. வீட்டில் சமையல் அவன் பொறுப்பு. வாரம் முடிவதற்குள் குடும்பமே கழிப்பறை வாசலில் வரிசை கட்டியது. மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

"எல்லாம் உங்க கை பண்ண வேலைங்க" என்றாள் தையல்காரி.

"இது நானோ கைடி. உனக்கு நம்பிக்கை பத்தல, அதான் பேதி."

"அப்ப உங்களுக்கு எதுக்குப் பேதி?"

அவன் கழிப்பறைக்குள் ஓடினான்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டாள். "கிருமியக் கொல்ற பூச்சு நெசமாவே இருக்கும்மா. ஆனா சோதிச்சுப் பாத்துட்டுத்தான் விப்பாங்க. அப்பவும் கையக் கழுவித்தான் ஆகணும்" என்றார் அவர்.

சோதிப்பது என்ற சொல் தையல்காரிக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்த கூட்டத்தில் மூடிபோட்ட சட்டியோடு முன்வரிசைக்குப் போனாள். "களைச்சுப் போயிருப்பீங்க சாமி. சூடா தேநீர்."

சாமி ஆசையாக மூடியைத் திறந்தார். முகம் சுருங்கியது. "இது என்னம்மா பாத்திரம்?"

"எங்க மாமனாரோட மூத்திரச் சட்டி. கழுவல. நீங்க பூசுனதுதானே?"

முன்வரிசையே எட்டிப் பார்த்தது.

"குடிங்க சாமி" என்றார் ஒருவர், உண்மையான பக்தியோடு.

"இன்னிக்கு நான் எதுவும் சாப்பிடறதில்ல."

"சரி, கையாலயாவது பிடிங்க" என்றாள் தையல்காரி.

இரண்டு கைகளும் அங்கிக்குள் போயின. வாத்தியார் மெல்லத் தன் பல்செட்டைக் கழற்றி உற்றுப் பார்த்தார். தையல்காரியின் புருஷன் சாமியின் பூச்சு டப்பாவைத் திறந்து முகர்ந்தான்; விரலில் தொட்டு நக்கியும் பார்த்தான். "வாசன போட்ட பச்சத் தண்ணி" என்றான், அழாத குறையாக.

அதற்குள் நானோநாதர் பின்கதவு வழியாக நழுவியிருந்தார். குடியிருப்பே அவரைக் கைகழுவியது. புருஷனும்தான், சோப்புப் போட்டு, முழங்கைவரை.

கிருமியைப் பார்க்க நுண்நோக்கி வேண்டும். புளுகனைப் பார்க்க, "நீ முதலில் குடி" என்ற மூன்று சொல் போதும். அதைக் கேட்கத்தான் நமக்கு வாய் வருவதில்லை.