அனஸ்தாசியோ எருமையாரின் ஞானப்பிள்ளைகள்

இது நான் நேரில் அறிந்த கதை அல்ல. பிலிப்பைன்ஸ்காரர்களோடு கப்பலில் வேலை பார்த்த ஒருவர் என் விடுதி நண்பனிடம் சொல்ல, அவன் என்னிடம் சொன்னது. எங்காவது பிழை இருந்தால் அது எங்கள் மூவரில் ஒருவருடையது.

ஒரு காட்டில், நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவுக் காட்டில், அனஸ்தாசியோ என்ற எருமையார் மாகாண சபை உறுப்பினராக இருந்தார். இடைவெளிகளைக் கழித்தால் இருபத்தேழு வருடம். சபையில் அவர் என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் எந்தக் குட்டிக்கு என்றைக்கு ஞானஸ்நானம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.

அந்தக் காட்டின் வழக்கம் அப்படி. குட்டி பிறந்தால் ஊரில் பெரியவர் ஒருவரை ஞானத்தகப்பனாக நிறுத்த வேண்டும். நின்றவர் அன்றிலிருந்து சொந்தம். குட்டி அவரை ‘நினோங்’ என்று கூப்பிடும். பள்ளியில் இடம், ஆஸ்பத்திரியில் படுக்கை, எது வேண்டுமானாலும் அவர் வாசலில் போய் நிற்கும். உடம்பிலும் பதவியிலும் எருமையாரைவிடப் பெரியவர் அங்கே இல்லை. தவளை வீட்டில் ஒரே காலையில் நானூறு தலைப்பிரட்டைகளுக்கு நின்றார். ஒன்றின் பெயரைக்கூட மாற்றிச் சொல்லவில்லை.

சட்டப்படி தொடர்ந்து மூன்று தவணைதான் இருக்கலாம். பிறகு ஒரு தவணை இறங்கியிருக்க வேண்டும். எருமையார் இறங்கும்போதெல்லாம் மனைவி ரெமெடியோஸ் ஏறுவாள். தவணை முடிந்ததும் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்துவிடுவாள். இந்த முறையும் புது மெத்தை தைத்துத் தயாராக இருந்தாள்.

அப்போதுதான் ஜோவெலின் என்ற இருவாட்சிப் பறவை நகரத்தில் சட்டம் படித்து முடித்துக் காட்டுக்குத் திரும்பினாள். அவள் மரத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. வந்த வாரமே மரம் மரமாகப் பறந்து ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்கினாள்: உறுப்பினரின் சொந்தக்காரர் யாரும் அதே இடத்துக்கு நிற்கக் கூடாது.

எருமையார் சேற்றில் படுத்தபடி மனுவை இரண்டு முறை படித்தார்.

“சரியாத்தானே எழுதியிருக்கா,” என்றார்.

“சரியா எழுதியிருக்காளாமே!” என்றாள் ரெமெடியோஸ். “சீட்டு போச்சுன்னா எந்த வீட்ல உங்களைக் கூப்பிடுவாங்க? கேக் வெட்டும்போது கொம்பைப் பிடிச்சுக்கிட்டு யார் போட்டோ எடுப்பாங்க?”

எருமையாருக்கு அது சுருக்கென்று தைத்தது. பதவி போவதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போக ஒரு வீடு இல்லாமல் சேற்றிலேயே கிடப்பதை நினைத்ததும் புல் இறங்கவில்லை.

சபையில் மனு வந்த அன்று, இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாக அவர் எழுந்து நின்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த ஆமை பயந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

“ஒரே ஒரு சந்தேகம்,” என்றார் எருமையார். “சொந்தம்னா யார் யாரும்மா?”

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். ஜோவெலினுக்கோ அது தந்திரமாகப் பட்டது. மனைவியைத் தடுத்தால் ஞானப்பிள்ளை ஒன்றை நிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம் என்று பார்க்கிறாரோ?

“எழுதிக்குங்க,” என்றாள் சட்டென்று. “ரத்தத்தால் சொந்தம், கல்யாணத்தால் சொந்தம், ஞானஸ்நானத்தால் சொந்தம். மூன்றும் சொந்தமே!”

சபை கைதட்டியது. சட்டம் நிறைவேறியது. எருமையாரும் தட்டினார்.

வேட்புமனு நாளன்று அலுவலகத்தின் முன் நீண்ட வரிசை. எல்லோரிடமும் விடைபெற்றுக்கொள்ளலாம் என்று எருமையாரும் வந்திருந்தார். கவுண்டரில் தேவாங்கு உட்கார்ந்து படிவங்களைப் பார்த்தது.

“பதினாலாவது கட்டம். ஞானத்தகப்பன் பேரு?”

“அனஸ்தாசியோ,” என்றது காட்டுப்பன்றி.

“தள்ளுபடி. அடுத்து?”

“அனஸ்தாசியோ,” என்றது உடும்பு.

“தள்ளுபடி.”

நானூறு தவளைகளும் தள்ளுபடி. கடைசியில் ஜோவெலின் வந்தாள். பதினாலாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

“எழுதும்மா. எனக்குச் சாப்பாட்டு நேரம்.”

அவள் திரும்பி எருமையாரைப் பார்த்தாள். அவள் கல்லூரியில் சேரச் சிபாரிசுக் கடிதம் எழுதியவர் அவர். பொய் எழுத அவளுக்கு வரவில்லை.

“தள்ளுபடி,” என்றது தேவாங்கு. “வேட்பாளர் யாரும் இல்லை. அடுத்தவர் வரும்வரை இருப்பவரே தொடரலாம்.”

“நாலாவது தவணை ஆகிடுமே!” என்று கத்தினாள் ஜோவெலின்.

“தேர்தல் நடந்தாத்தான் தவணை. நடக்காதது கணக்குல வராது.”

“நான் ஒண்ணும் பண்ணலைம்மா,” என்றார் எருமையார், சங்கடத்தோடு.

“தெரியும் நினோங். நான்தான் பண்ணினேன்.” அவள் சிறகைச் சிலுப்பிக்கொண்டாள். “ஆனா ஒரு வழி இருக்கு. எங்க அக்கா கூட்டுல நேத்து ஒரு குஞ்சு பொரிச்சிருக்கு. உங்களுக்கு இன்னும் சொந்தமில்லாத ஒரே உயிர் அதுதான். அது வளர்ந்து உங்களை எதிர்த்து நிற்கும்!”

எருமையார் தலையைக் குனிந்தார். “அந்தக் குஞ்சுக்கு நிக்கச் சொல்லி உங்க அம்மா காலையிலேயே வந்து கூப்பிட்டுட்டாங்களேம்மா. ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு. வரலைன்னு சொல்லிடட்டுமா?”

ஜோவெலின் சிறகால் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, வராம இருந்திடாதீங்க,” என்றாள். “அம்மா அழுதிடுவாங்க. நீங்க கொண்டு வர்ற கேக் மட்டும் போன தடவை மாதிரி சின்னதா வேண்டாம்.”

நீதி: ஊரில் எல்லோரையும் சொந்தமாக நினைத்துப் பழகுங்கள், பிறகு சட்டமே உங்களை நாற்காலியை விட்டு இறங்கவிடாது.

பின்குறிப்பு: கதை கேட்ட பிறகு ஒன்றைச் சரிபார்த்தேன். பிலிப்பைன்ஸின் 1987ஆம் வருட அரசியல் சாசனம் அரசியல் குடும்ப ஆதிக்கத்தைத் தடை செய்கிறது. எது குடும்ப ஆதிக்கம் என்பதைச் சட்டம் வரையறுக்கும் என்றும் சொல்கிறது. நாடு முழுமைக்குமான அந்தச் சட்டம், நான் தேடிய நாள்வரை, நிறைவேறவில்லை.