சீதனம் வேண்டாத மாப்பிள்ளை

"சட்டம்பியார், மலாயா மாப்பிள்ளையின்ரை சாதகக் குறிப்பைத் தாங்கோ. என்ரை மூத்தவளின்ரை குறிப்பு இந்தா இருக்கு, பொருத்தம் பாப்பம்" என்று சொல்லிக்கொண்டு சின்னாச்சி வகுப்புக்குள்ளேயே வந்து நின்றாள்.

பாடம் நடத்திக்கொண்டிருந்த மார்க்கண்டு சட்டம்பியாரின் கையிலிருந்த சோக்குத் துண்டு கீழே விழுந்தது.

"எந்த மாப்பிள்ளை?"

"நேற்றுக் கரும்பலகையிலை எழுதினியளாமே, தில்லைநாதன்!"

பிழை அவருடையதுதான், யாரை நோவது? உண்மைக்கும் கற்பனைக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிப்பிக்கச் சொல்லி இன்ஸ்பெக்டரின் உத்தரவு. பலகையின் இடப்பக்கம் 'உண்மை' என்று தலைப்பிட்டு, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதினார். வலப்பக்கம் 'கற்பனை' என்று தலைப்பிட்டு, தில்லைநாதன் என்றொருவர் மலாயாவில் றெயில்வே உத்தியோகம் பார்க்கிறார், சண்டிலிப்பாயில் பெண் எடுக்க விரும்புகிறார், சீதனம் ஒரு சதமும் வேண்டாம் என்கிறார் என்று எழுதினார். சீதனம் வேண்டாத மாப்பிள்ளை என்றால் பால்குடிப் பிள்ளைக்கும் கற்பனை என்று விளங்கிவிடும் என்பது அவருடைய நினைப்பு. பிள்ளைகளுக்கு விளங்கியதோ என்னவோ, தாய்மாருக்கு விளங்கவில்லை.

"அது கற்பனை, அக்கை. உண்மை இடப்பக்கம் கிடந்தது."

"பூமி சுத்துறதோ உண்மை? சுத்தினால் எங்கடை கிணத்துத் தண்ணி ஊத்துப்படாதோ? பக்கத்தை மாத்தி எழுதிப்போட்டு எனக்குக் கதை விடாதையுங்கோ." சின்னாச்சி கண்ணைச் சுருக்கினாள். "எனக்கு விளங்குது. உங்கடை தங்கச்சி சிவக்கொழுந்துக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறியள்."

தங்கச்சியின் பேச்சு ஊர் வாயில் அடிபடுவது சட்டம்பியாருக்குப் பிடிக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாதவள், முப்பது வயது நெருங்குகிறது. தரகர் கந்தப்பு ஆறு மாதமாக வீட்டுக்கு வந்து, அவள் சமைத்ததை உருசி பார்த்துச் சாப்பிட்டு, உடுப்பிட்டியில் ஒரு நல்ல சம்பந்தத்தை ஏறக்குறைய முடித்து வைத்திருந்தார். அது குழம்பினால் அவளுக்கு வேறு கதி இல்லை.

பின்னேரத்துக்குள் ஏழு குறிப்பும் ஒரு வாழைக்குலையும் வீடு தேடி வந்தன. தில்லைநாதன் ஒழிந்தால்தான் எல்லாம் அடங்கும் என்று சட்டம்பியார் தீர்மானித்தார். மறுநாள் காலை கற்பனைப் பக்கத்தில், 'கப்பலில் வரும் வழியில் தில்லைநாதன் வாந்திபேதி கண்டு இறந்தார்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால், முற்றத்தில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சிவக்கொழுந்து அகப்பையும் கையுமாக முழித்துக்கொண்டு நின்றாள்.

"உன்ரை ராசாவைக் கடலிலை போட்டிட்டாங்களே மோனை!" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள் சின்னாச்சி.

"அண்ணை, ஆர் செத்தது?" என்றாள் சிவக்கொழுந்து.

"ஒருத்தரும் சாகேல்லை! அப்பிடியொரு ஆளே இல்லை!"

"ஓம் தம்பி, இப்ப இல்லைத்தான். மனத்தைத் தேத்துங்கோ" என்று மூக்கைச் சிந்தினாள் சின்னாச்சி.

சட்டம்பியாருக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயோ, அவனை உண்டாக்கினதும் நான், சாகடிச்சதும் நான்!"

ஒப்பாரி பட்டென்று நின்றது. கொலைக் கேசென்று ஊர் அதிகாரி விதானையாருக்குச் சொல்ல இரண்டு பேர் எழும்பிப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்துப் படலையைத் திறந்துகொண்டு கந்தப்பு வந்தார். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்.

"உடுப்பிட்டியார் பெண் எடுக்க மாட்டினமாம், சட்டம்பியார். நிச்சயிச்சவன் செத்துப்போன பெட்டை தங்களுக்குச் சரிவராதாம்."

காலையில் செத்தவனின் செய்தி அதற்குள் உடுப்பிட்டிக்குப் போய்த் திரும்பி வந்ததைப் பற்றி யோசிக்கும் நிலையில் சட்டம்பியார் இல்லை. கூடப்பிறந்தவளின் வாழ்வைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று குழந்தை மாதிரி விம்மினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிலைக் கட்டினார்.

"ஏறுங்கோ கந்தப்பர். மாப்பிள்ளையின்ரை தகப்பனின்ரை காலிலை விழுந்தெண்டாலும், தில்லைநாதன் வெறுங் கற்பனை எண்டு சொல்லப்போறன்."

"இண்டைக்கு நாள் சரியில்லை."

"பரவாயில்லை."

"அவையள் வீட்டிலை இல்லை."

"வருமட்டும் வாசலிலை இருப்பம்."

"வழியும் வடிவாய் ஞாபகமில்லை..."

"உடுப்பிட்டிக்கு வழி எனக்குத் தெரியும். நீங்கள் வீட்டை மட்டும் காட்டுங்கோ!" சட்டம்பியார் அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்தார். கந்தப்பு வண்டில் சில்லை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கோ சட்டம்பியார்! உங்கடை மாப்பிள்ளை செத்தாவது போனார். என்ரை உடுப்பிட்டி மாப்பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை."