பாயில் இருக்க மறுத்த கிழக்கின் மைந்தன்

திருகோணமலையில் பிறந்தவன் எங்கே போனாலும் பக்கத்து ஊர்க்காரன்தான். யாழ்ப்பாணத்தில், "நீர் மட்டக்களப்புப் பக்கம் என்ன?" என்பார்கள். மட்டக்களப்பில் நாங்கள் வாயைத் திறந்ததும், "யாழ்ப்பாணமா?" என்பார்கள். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் மட்டும் இந்தக் குழப்பம் இருக்கவில்லை. அங்கே எல்லோரும் பஸ்ஸை விட்டிறங்கி ஒரே வரிசையில்தான் நடந்தோம்.

இந்தப் பிரச்சினையை ஒரேயடியாகத் தீர்த்துவைக்கப் பிறந்தவன் நான்தான் என்று உயர்தர வகுப்பில் படித்த காலத்தில் முழுமையாக நம்பினேன். பாடசாலைகளுக்கான விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று மட்டக்களப்பில் நடப்பதாக இருந்தது. தலைப்பு: 'திருகோணமலை கிழக்கின் பிள்ளையா, வடக்கின் விருந்தாளியா?' கிழக்கின் பிள்ளை என்று நாங்கள் வாதிடவேண்டும். இல்லை என்று வாதிட மட்டக்களப்பு மாணவிகள். வெற்றிக்கிண்ணம் எங்கள் பாடசாலைக்கு அதுவரை வந்ததில்லை. நானோ காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, "அலுமாரியில் இடம் ஒதுக்கி வையுங்கள்" என்று அறிவித்துவிட்டேன். (அதிபர் உண்மையாகவே ஒதுக்கிவைத்தார். பாவம்.)

அன்புவழிபுரத்து வீட்டில் அம்மா பயணப் பையில் உடுப்பு வைக்கும்போதே தொடங்கிவிட்டார்.

"தம்பி, அங்க ஆரும் பாய் விரிச்சா இருந்திடாத."

"ஏனம்மா?"

"மந்திரம் போட்டுப் பாயோட ஒட்டிப்போடுவினம். பிறகு நீ அந்த வீட்டு மருமோன்தான். இஞ்சால வரமாட்டாய்."

"அம்மா, நானும் கிழக்கு எண்டு கதைக்கத்தானே போறன்!"

"கதை. நிண்டுகொண்டு கதை."

சிரித்தேன். படித்தவன் அல்லவா? ஆனால் கரையோரப் பாதை மூடியிருந்ததால் ஹபரணை, பொலன்னறுவை என்று சுற்றி, ஏறி இறங்கி, பொழுதுபடும் நேரம் மட்டக்களப்பை அடைந்தபோது, மனப்பாடம் செய்திருந்த பேச்சைவிட அம்மாவின் பாய்தான் மனதில் தெளிவாக இருந்தது.

வெளியூர்ப் பிள்ளைகளை எதிரணியின் வீடுகளிலேயே தங்கவைத்தார்கள். எனக்கும் எங்களைக் கூட்டிவந்த குகன் சேருக்கும் கிடைத்தது எதிரணித் தலைவி சுகந்தியின் வீடு. குகன் சேர் கணித ஆசிரியர். கல்யாணம் ஆகாதவர். நிரூபிக்க முடியாத எதையும் நம்பாதவர்.

"வாங்க மனே, களைச்சுப்போய் வந்திருக்கீங்க. இரிங்க, சாப்பிடுவம்" என்று சுகந்தியின் அம்மா விரித்தார், பன்புல்லில் இழைத்த ஒரு புத்தம்புதிய பன்பாயை. அதன்மேல் சோறும் நண்டுக்கறியும் வந்தன. சுகந்தியின் சின்னம்மா, அந்த வீட்டுக் கடைக்குட்டி, எருமைத்தயிர் முட்டியோடு வந்தார். சேர் யோசிக்காமல் சப்பாணி கட்டி அமர்ந்தார்.

"எனக்கு முழங்கால் மடக்க ஏலாது. பந்தடிக்கேக்க விழுந்தனான்" என்றேன்.

"ஐயோ, என்ட கிளி!"

பக்கத்து வீட்டிலிருந்து கதிரை வந்தது. கதிரையா அது? இருவர் தூக்கிவந்த சிம்மாசனம்! எல்லோரும் கீழே பாயில் இருக்க, நான் மட்டும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வழக்கு விசாரிக்கும் நீதவானைப் போல மேலே இருந்தேன். நண்டுக் குழம்பு என் வெள்ளைக் காற்சட்டையில் ஆறாக ஓடியது. கீழே சின்னம்மா தயிர் ஊற்ற ஊற்ற, சேர் வேண்டாம் என்றே சொல்லவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் சுகந்தியின் அம்மா ஒரு போத்தலோடு வந்தார். "காலக் காட்டுங்க மனே, எண்ணெய் பூசிவிடுறன்."

மந்திரப் பாய்க்குத் தப்பினால் மந்திர எண்ணெயா! "வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் முற்றத்து நாய் எழுந்து குரைத்தது. சுகந்தி என் முழங்காலை மட்டும் பார்த்தாள்.

விடிந்ததும் கிணற்றடிக்குப் போனேன். நாய் என்னை மறக்கவில்லை. நான் ஓடினேன், எதிரே வேலி வந்தது, தாண்டினேன். அழகான தாண்டல். வேலிக்கு அந்தப் பக்கம் பூப் பறித்துக்கொண்டு நின்றது சுகந்தி.

"கால் சுகமா?" என்றாள்.

"ஓம், கொஞ்சம்" என்றேன்.

மண்டபத்தில் நான் முழங்கினேன். மகாவலி எங்கள் குடாவில்தான் கடலைச் சேர்கிறது என்றேன். எல்லையில் ஓடும் வெருகல் ஆறு எங்களைப் பிரிக்கவில்லை, கோர்க்கிறது என்றேன். "மட்டக்களப்பாரின் வீடு எங்கள் வீடு!" என்று முடித்தபோது கைதட்டல் கூரையைத் தொட்டது. கிண்ணத்தை எந்தக் கையால் வாங்குவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

சுகந்தி எழுந்தாள்.

"ஒரேயொரு கேள்வி. நேற்று எங்கள் வீட்டில் பாய் விரித்தோம். இவருடைய ஆசிரியர் அதில் இருந்தார். இவர் முழங்கால் மடங்காது என்று கதிரையில் ஏறிவிட்டார். இன்று காலை அதே முழங்கால் எங்கள் வேலியைத் தாண்டியது. தன் சொந்த வீட்டுப் பாயில் இருக்க இவருக்கு என்ன பயம்?"

மண்டபத்தில் எல்லோருக்கும் பதில் தெரியும். வெளியூரார் தங்களைப் பற்றிக் கட்டிய அந்தக் கதையைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா? என்னிடம் ஆயிரம் சமாளிப்புகள் இருந்தன. வாயைத் திறந்தேன். வந்தது இவ்வளவுதான்:

"அம்மா சொன்னவ..."

நடுவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். மற்றவர்கள் அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை. எதிரணியின் வாதத்தை நானே நிரூபித்துக் கொடுத்திருந்தேன். கிண்ணம் மட்டக்களப்பிலேயே தங்கியது. பஸ் ஏறும்போது சுகந்தி வழியனுப்ப வந்தாள். "பயப்படாம இரிங்க. பஸ்ஸில பாய் இல்ல."

வழிநெடுக மூடநம்பிக்கையின் கேடுகளைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தார் குகன் சேர். அடுத்த வருடம் தானாகக் கேட்டு மட்டக்களப்புக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போய், தயிர் ஊற்றிய சின்னம்மாவைக் கல்யாணம் கட்டினார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறார்.

"கணக்கு வாத்தியார் நிரூபிச்சுக் காட்டிப்போட்டார்தானே?" என்றார் அம்மா.

பின்னாளில் நான் கட்டியது யாழ்ப்பாணத்துப் பெண்ணை. கல்யாணத்துக்கு சேரும் மனைவியும் ஒரு பெரிய பன்பாயைச் சுருட்டிக் கொண்டுவந்தார்கள். அது எங்கள் வீட்டு விறாந்தையில் விரித்தபடியே கிடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் என் மாமி மட்டும் அதைச் சுற்றிப்போய்க் கதிரையில் இருந்துகொள்வார்.

"எனக்கு முழங்கால் மடக்க ஏலாது, தம்பி."

கிண்ணம் கிடைக்காவிட்டால் என்ன? என்னை அசல் கிழக்கான் என்று மனதார நம்ப ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்று நான் நெஞ்சை நிமிர்த்துவேன். அப்போது பார்த்துக் குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும்:

"சம்பந்தி, எண்ணெய் கொண்டுவரட்டே?"